வீதியோரத்தில் துவக்கு: வேட்டை, பயிர்க்காவல், சட்டம் பற்றித் திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்தின் பெரிய வீதிகளில் காட்டையோ வயல் வட்டையையோ தொடாமல் செல்லும் வீதி எதுவும் இல்லை. கந்தளாய் வழியாக வரும் ஏ-6, பன்குளம் வழியாக வரும் ஏ-12, மூதூரையும் வெருகலையும் கடந்து மட்டக்களப்புப் பக்கம் செல்லும் ஏ-15, நிலாவெளி, குச்சவெளி ஊடாகப் புல்மோட்டைக்குச் செல்லும் கரையோர வீதி ஆகிய எல்லாவற்றிலும், ஒரு பக்கம் பயிரும் மறுபக்கம் பற்றைக்காடுமாக நீளும் இடங்கள் உண்டு. இரவில் பன்றிக்காக வாடியில் கண்விழித்திருக்கும் விவசாயியும், விடிவதற்கு முன்னே மீன் பெட்டியுடன் மோட்டார் சைக்கிளில் புறப்படும் வியாபாரியும் அந்த இடங்களில் சில மீற்றர் இடைவெளியில் ஒருவரையொருவர் காணாமல் கடந்து செல்கின்றனர். அவர்கள் இருவரையும் மனத்தில் வைத்தே இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

வீதியிலிருந்து எத்தனை மீற்றர் தள்ளி நின்று சுட்டால் சட்டப் பிரச்சினை வராது?

பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் ஒரு தூரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு துவக்கைத் தூக்குவது ஆபத்தானது என்பது எனது உறுதியான கருத்து. ஏனெனில், தூரத்தைக் கடந்து நிற்பவர் தாம் சுடும் திசையைப் பற்றிச் சிந்திப்பதை விட்டுவிடுகிறார்.

இலங்கையில் வீதிக்கு அருகே ஒருவர் விலங்கொன்றை நோக்கிச் சுடும்போது ஒரே வேளையில் மூன்று சட்டங்கள் அவரைப் பார்க்கின்றன. முதலாவது, 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். அந்தத் துவக்கு யாருடையது, அதற்கு அனுமதிப்பத்திரம் உண்டா, எந்தத் தேவைக்காக வழங்கப்பட்டது என்று அது கேட்கும். இரண்டாவது, 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம்; 1993இலும் 2009இலும் பெரிய திருத்தங்களைக் கண்ட இச்சட்டம், சுடப்பட்ட விலங்கு எது, சுடப்பட்ட இடம் எது என்று கேட்கும். மூன்றாவது தண்டனைச் சட்டக்கோவை. மனிதர்களுக்கு என்ன நேர்ந்தது, அல்லது என்ன நேர்ந்திருக்கக்கூடும் என்பதே அதன் கேள்வி.

வீதியைப் பொறுத்தவரை மூன்றாவதுதான் மிகக் கனமானது. பிறரின் உயிருக்கோ உடற்பாதுகாப்புக்கோ ஆபத்து விளையும் அளவுக்கு அசட்டையாகவோ கவனயீனமாகவோ ஒரு செயலைச் செய்வதே தண்டனைச் சட்டக்கோவையின் 327ஆம் பிரிவின்கீழ் குற்றமாகும். யாரேனும் காயப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. காயம் ஏற்பட்டால் 328ஆம் பிரிவும், பாரதூரமான காயம் ஏற்பட்டால் 329ஆம் பிரிவும் வந்து சேரும். கவனயீனத்தால் ஒருவர் இறந்துவிட்டால் 298ஆம் பிரிவின்கீழ் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். இந்தப் பிரிவுகள் எதுவும் மீற்றர்க் கணக்குப் பேசுவதில்லை. "நான் நூறு மீற்றர் தள்ளித்தான் நின்றேன்" என்று நீதவான் முன்னிலையில் சொல்லும் ஒருவரிடம், "எந்தப் பக்கம் பார்த்துச் சுட்டீர்?" என்பதே அடுத்த கேள்வியாக இருக்கும்.

ஆகவே, வீதியில் நின்று சுட வேண்டாம். வீதியை நோக்கிச் சுட வேண்டாம். வீதிக்குக் குறுக்காகச் சுட வேண்டாம். வீதிக்கு முதுகைக் காட்டியபடி, சன்னம் மண்ணில் புதைந்து நிற்கும் திசையைத் தேர்ந்துகொள்ள முடியாத இடமெனில், அது சுடுவதற்குரிய இடம் அல்ல. அனுமதிப்பத்திரத்திலோ அதனுடன் தரப்பட்ட கடிதத்திலோ இடம் பற்றிய நிபந்தனை ஏதேனும் எழுதப்பட்டிருந்தால், அது இவை எல்லாவற்றுக்கும் மேலதிகமாக உங்களைக் கட்டுப்படுத்தும்.

சொட்கன் சன்னம் ஐம்பது யாருக்கு மேல் போகாது என்கிறார்களே, அது உண்மையா?

உண்மையல்ல. இந்த நம்பிக்கையே பல விபத்துகளுக்கு வேர் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது.

சாதாரண சொட்கன் ஒன்றால் விலங்கொன்றை நிச்சயமாக வீழ்த்தக்கூடிய தூரம் ஏறத்தாழ நாற்பது யார் என்பது சரி. ஆனால் வீழ்த்தும் தூரமும் சன்னம் சென்று விழும் தூரமும் வெவ்வேறானவை. சன்னத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து 2200ஆல் பெருக்கினால், அது மேல்நோக்கிச் சுடப்படும்போது அதிகபட்சமாகச் செல்லக்கூடிய தூரம் யார்க் கணக்கில் கிடைக்கும் என்று சுடுகலன் துறையினர் பயன்படுத்தும் பழைய கணக்கு ஒன்று உண்டு. அதன்படி, புறா, காடை அளவான பறவைகளுக்குப் பயன்படும் ஆறாம் இலக்கச் சன்னமே 220 மீற்றர் வரை செல்லும். அதைவிடப் பெரிய பி.பி. சன்னம் 360 மீற்றரைத் தொடும். பன்றிக்கென்று பலர் வைத்திருக்கும் எஸ்.ஜி. தோட்டாவின் பெரிய குண்டுகள் ஏறத்தாழ 650 மீற்றர் வரை செல்லக்கூடியவை. றைபிள் குண்டின் தூரத்தைக் கிலோமீற்றரில்தான் சொல்ல முடியும், சிறிய .22 குண்டுகூட ஒரு கிலோமீற்றருக்கு மேல் செல்லும்.

அந்தத் தூரத்தில் சன்னம் பன்றியைக் கொல்லாமல் இருக்கலாம். ஆனால் மோட்டார் சைக்கிளில் வரும் ஒருவரின் கண்ணைப் பறிப்பதற்கு அத்தனை வேகம் தேவையில்லை. திடுக்கிட்டு அவர் கைபிடியைத் திருப்பினாலே போதும், பின்னால் வரும் பேருந்தின் சில்லுக்குள் அவர் விழுந்துவிடுவார்.

இன்னொரு விடயம் தெறிப்பு. தார் வீதி, கருங்கல், காய்ந்து இறுகிய வரம்பு, குளத்து நீர்ப்பரப்பு ஆகியவற்றில் தாழ்வான கோணத்தில் படும் குண்டு அங்கேயே நின்றுவிடாமல் திசை மாறிப் பறக்கும். கந்தளாய், தம்பலகாமம் பகுதிகளைப் போல நீர் தேங்கிய வயலும் வாய்க்கால் கட்டும் வீதியும் அடுத்தடுத்து வரும் நிலத்தில், குறி தவறிய வெடி எங்கே போய் முடியும் என்று சுட்டவராலேயே சொல்ல முடியாது.

நான் சுடும்போது வீதி வெறுமையாகத்தான் இருந்தது. அப்படியிருந்தும் அது குற்றமாகுமா?

ஆகலாம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஆறு விநாடிகளில் நூறு மீற்றரைக் கடந்துவிடும். வீதியை ஒரு முறை பார்த்துவிட்டு, விலங்கின் பக்கம் திரும்பிக் குறி பார்த்து, விரலை அழுத்துவதற்குள் அந்த ஆறு விநாடிகள் போய்விடுகின்றன. வளைவுக்கு அப்பால் இருந்தவர் இப்போது உங்கள் முன்னால் இருப்பார். இரவில் வெளிச்சம் இல்லாத துவிச்சக்கர வண்டியில் வருபவரையும், வீதியோரமாக நடந்து வருபவரையும் நீங்கள் காணவே போவதில்லை. வீதி என்பது எந்நேரமும் ஆள் வரக்கூடிய இடம் என்று தெரிந்திருந்தும் அதை நோக்கிச் சுட்டதுதான் கவனயீனம். அந்த நொடியில் ஆள் வரவில்லை என்பது உங்கள் அதிர்ஷ்டமே தவிர எதிர்வாதம் அல்ல.

என்னிடம் பயிர்ப் பாதுகாப்புக்கான அனுமதிப்பத்திரம் உள்ளது. அதைக் கொண்டு வேட்டைக்குப் போகலாமா?

கூடாது. பயிர்ப் பாதுகாப்புக்கென மாவட்டச் செயலகம் ஊடாக வழங்கப்படும் துவக்கு, உங்கள் காணியிலுள்ள பயிருக்காக உங்களுக்குத் தரப்பட்டது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போவதோ, வீதியோரமாக டோர்ச் அடித்து விலங்கு தேடுவதோ அந்தத் தேவைக்குள் அடங்காது. அனுமதிப்பத்திரம் பெயருக்குரியது என்பதையும் மறக்க வேண்டாம். அயலவருக்கு ஓர் இரவு இரவலாகக் கொடுத்த துவக்கினால் வரும் வினை, கொடுத்தவரையும் தேடி வரும்.

அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் டிசம்பர் 31ஆம் திகதியுடன் காலாவதியாகும். பாதுகாப்பு அமைச்சு வழக்கமாக ஒக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரையான காலத்தைப் புதுப்பித்தலுக்கு ஒதுக்குகிறது. பெரும்போக விதைப்பு வேலை உச்சத்தில் இருக்கும் மாதங்கள் அவை என்பதால் கச்சேரிக்குப் போவதைப் பலர் தள்ளிப்போட்டுவிடுகின்றனர். ஜனவரியில், காலாவதியான பத்திரத்துடன் வாடியில் துவக்கை வைத்திருப்பவர் சட்டத்தின் கண்ணில் அனுமதிப்பத்திரம் இல்லாதவரே.

பன்றியைச் சுடுவதற்குத் தடை இல்லைத்தானே?

காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்குகளுள் அடங்குவதில்லை. பயிரை அழிக்கும் பன்றியை, அனுமதிப்பத்திரம் உள்ள துவக்கினால், உங்கள் காணிக்குள், பிறருக்கு ஆபத்து இல்லாமல் சுடுவதை விலங்குச் சட்டம் தடுக்கவில்லை. ஆயினும் சரணாலயங்களிலும், தேசிய பூங்கா, இயற்கை ஒதுக்கிடம் போன்ற தேசிய ஒதுக்கிடங்களிலும் பன்றிக்கும் பாதுகாப்பு உண்டு. அங்கே "காட்டு விலங்கு" என்றால் எல்லாக் காட்டு விலங்குகளும்தான்.

மானோ மரையோ வீதியைக் கடக்கும்போது சுடப்பட்டால்?

புள்ளிமான், மரை, அழுங்கு, உடும்பு, மயில் ஆகியவை பாதுகாக்கப்பட்டவை. வீதியில் நின்றாலும் வயலில் நின்றாலும், பகலானாலும் இரவானாலும், அவற்றைச் சுடுவது குற்றம். அவற்றின் இறைச்சியை வைத்திருப்பதும், விற்பதும், வாகனத்தில் ஏற்றிச் செல்வதும் தனித்தனியாக வழக்கில் வந்து நிற்கும். வாகனத்தில் அடிபட்டு இறந்து கிடக்கும் மானை வீட்டுக்கு எடுத்துச் செல்வதும் இதற்குள் அடங்கும். அதை அங்கேயே விட்டுவிட்டு வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிப்பதே சரியான வழி.

திருகோணமலை நகரத்தவர்களுக்கு இதைச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். கோட்டை வாசலிலும் கோணேசர் கோயில் வீதியிலும் மான்கள் நம் கையில் உணவு வாங்கித் தின்கின்றன. கடைத்தெரு வரை நடந்து வருகின்றன. மனிதரைக் கண்டு ஓட வேண்டும் என்பதை மறந்துவிட்ட விலங்குகள் அவை. அத்தகைய மானை வீதியோரத்தில் வைத்துச் சுடுவதில் வேட்டைத் திறமை என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

வீதியில் யானை மறித்து நின்றால் வெடி வைத்து விரட்டலாமா?

துவக்கினால் ஒருபோதும் கூடாது. யானையைச் சுடுவது விலங்குச் சட்டத்தின் மிகக் கடுமையான குற்றங்களுள் ஒன்று. சட்டத்தை ஒருபுறம் வைத்தாலும், சன்னம் பட்ட யானை காட்டுக்குள் போய் அமைதியாகப் படுத்துக்கொள்வதில்லை. புண்ணோடு திரியும் அந்த யானை மறுநாள் அதே வீதியில் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளின் முன்னால் வந்து நிற்கும்.

கந்தளாய், சேருநுவர, பன்குளம் பக்கங்களில் இரவில் வாகனம் ஓட்டுபவர்கள் யானையைக் கண்டால், தூரத்திலேயே நிறுத்திப் பின்வாங்கி, அது கடந்து செல்லும்வரை காத்திருக்க வேண்டும். யானை வெடி வேண்டுமெனில் அதை வனஜீவராசிகள் அலுவலகம் மூலமே பெற வேண்டும்; அதையும் வீதியில் வாகனங்களுக்கு நடுவே கொளுத்தினால், மிரண்ட யானை எந்தப் பக்கம் பாயும் என்று எவராலும் சொல்ல முடியாது.

துவக்கை வாகனத்தில் கொண்டு செல்வது எப்படி?

தோட்டாவை இறக்கி, துவக்கை உறையிலிட்டு, அனுமதிப்பத்திரத்தையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். குலுங்கும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியிலும் முச்சக்கர வண்டியிலும் தோட்டா நிரப்பிய துவக்கு இருப்பதுபோன்ற ஆபத்து வேறில்லை. அதன் குழல் எப்போதும் யாரோ ஒருவரின் காலையோ நெஞ்சையோதான் பார்த்துக்கொண்டிருக்கும். தேசிய ஒதுக்கிடம் ஒன்றுக்குள் துவக்கை வைத்திருப்பதே, சுடாவிட்டாலும், குற்றமாகும் என்பதால் குறுக்குவழியாகக் காட்டுப்பாதையில் செல்வதையும் தவிர்க்க வேண்டும்.

நமது மாவட்டத்தில் அத்தகைய பாதுகாக்கப்பட்ட இடங்கள் எவை?

பலர் நினைப்பதைவிட அதிகம். நேவல் ஹெட்வேர்க்ஸ் சரணாலயமும் துறைமுகத்திலுள்ள சோபர் தீவுகளும் 1963இல் சரணாலயங்களாக்கப்பட்டவை. அதே ஆண்டில் சரணாலயமான நிலாவெளிப் புறாமலை 2003இல் தேசிய பூங்காவாகியது. காலனித்துவக் காலத்தில் துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக்குப் பயன்பட்ட தீவு அது என்பதையும் நினைவில் கொள்ளலாம். தெற்கே சேருவில – அல்லை சரணாலயம் 1970இலும், மகாவலிக் கரையில் சோமாவதி தேசிய பூங்காவும் திரிகோணமடு இயற்கை ஒதுக்கிடமும் 1986இலும் பிரகடனப்படுத்தப்பட்டன.

சரணாலயத்துக்குள் ஊர்களும் வயல்களும் வீதிகளும் இருக்க முடியும் என்பதால்தான் குழப்பம் வருகிறது. "எங்கள் பாட்டன் காலத்திலிருந்து நாங்கள் இருக்கும் காணி இது" என்பது உண்மையாக இருந்தாலும், அந்தக் காணி சரணாலய எல்லைக்குள் விழுந்தால் அங்கே விலங்கைச் சுட அது அனுமதி தராது. எல்லை தெரியாவிட்டால் கிராம உத்தியோகத்தரிடமோ வனஜீவராசிகள் அலுவலகத்திலோ வரைபடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்; கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கம்பியில் கால் பட்டதும் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கைக் கட்டினால் நான் அங்கே நிற்கவே தேவையில்லையே?

அதனால்தான் அது இவ்வளவு கொடியது. வாடியில் விழித்திருப்பவர் தவறு செய்யலாம். ஆனால் அவருக்குக் கண் இருக்கிறது, கடைசி நொடியில் விரலை எடுத்துவிடும் மனம் இருக்கிறது. கட்டுத்துவக்குக்கு அவை இரண்டும் இல்லை. கம்பியைத் தொடுவது பன்றியின் கால்தானா, விறகுக்குப் போன பெண்ணின் காலா, தேனெடுக்கப் போனவரின் காலா, மாட்டைத் தேடி வந்த பையனின் காலா என்று அது பார்ப்பதில்லை. பன்றியின் உயரத்துக்கு அளந்து கட்டப்படுவதால் வெடி பெரும்பாலும் மனிதரின் முழங்காலையும் தொடையையும்தான் பிளக்கிறது. காட்டுக்குள் தனியே விழுந்து கிடப்பவர், தூக்கி வர ஆள் வருவதற்குள் குருதி வடிந்தே இறந்துவிடக்கூடும்.

இவற்றுள் பெரும்பாலானவை அனுமதிப்பத்திரமற்ற நாட்டுத் துவக்குகள் என்பதால், கட்டும்போதே முதற் குற்றம் நிகழ்ந்துவிடுகிறது. ஒருவர் இறந்துவிட்டால், கட்டியவர் அவ்விடத்தில் இல்லை என்பது அவரைக் காப்பாற்றாது. வீதியிலிருந்து பிரியும் ஒற்றையடிப் பாதை, வாய்க்கால் கட்டு, குளத்துக்கு இறங்கும் வழி ஆகியவையும் மக்கள் நடக்கும் வழிகளே. உணவுக்குள் ஒளித்து வைக்கும் பன்றி வெடியும் இதே வகையைச் சேர்ந்தது. வாய் சிதறிப் பட்டினியால் மெல்ல இறக்கும் யானைக்கன்றுகளையும், அதைக் கடித்த மாடுகளையும் கண்டவர்கள் அதை நியாயப்படுத்தமாட்டார்கள். பயிர் இழப்பின் வலி எனக்குத் தெரியாததல்ல. ஓர் இரவில் பன்றிக்கூட்டம் உழுதுவிட்டுப் போன மரவள்ளித் தோட்டத்தின் முன் நிற்பவரிடம் பொறுமையைப் பற்றிப் பேசுவது எளிதன்று. அப்படியிருந்தும் இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

வெளிநாடுகளில் இதற்குத் தூரக்கணக்கு உண்டு என்று உறவினர்கள் சொல்கிறார்களே?

உண்டு, ஆனால் அவை அங்கங்கே உரியவை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தின் 161ஆம் பிரிவு, பொது வீதியின் நடுக்கோட்டிலிருந்து 50 அடிக்குள் நியாயமான காரணமின்றிச் சுட்டு, அதனால் வீதியில் செல்பவர் காயப்பட்டாலோ, தடைப்பட்டாலோ, ஆபத்துக்குள்ளானாலோ அதைக் குற்றமாக்குகிறது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பென்சில்வேனியாவில் வாகனத்திலிருந்து இறங்கும் வேட்டைக்காரர் வாகனங்கள் ஓடும் பகுதியிலிருந்து 25 யாராவது தள்ளிப் போன பின்னரே சுடலாம். விஸ்கொன்சினில் வீதியின் நடுவிலிருந்து 50 அடி. கலிபோர்னியாவில் பொது வீதியில் நின்று சுடுவதே குற்றம், ஆட்கள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 யாருக்குள் வேட்டைக்காகச் சுடுவதற்கும் தடை. கனடாவின் ஒன்ராறியோவில் தோட்டா நிரப்பிய துவக்கை வாகனத்தில் வைத்திருப்பதே வேட்டைச் சட்டத்துக்கு முரணானது.

அங்கேயும் தூரம் என்பது குறைந்தபட்ச எல்லை மட்டுமே. ஐம்பத்தொராவது அடியில் நின்று வீதியை நோக்கிச் சுடுபவரை அந்த நாடுகளின் பொதுக் குற்றவியல் சட்டமும் விட்டுவிடாது.

இரவில் வீதியோரத்தில் வெடிச்சத்தம் கேட்டால் என்ன செய்வது?

வாகனத்தை நிறுத்தி இறங்கிப் பார்க்க வேண்டாம். காட்டுக்குள் டோர்ச் அடித்து யாரையும் கூப்பிடவும் வேண்டாம். உங்கள் வெளிச்சத்தை விலங்கின் கண் என்று எண்ணிவிட இடமுண்டு. அவ்விடத்தைக் கடந்து சென்று, பாதுகாப்பான இடத்திலிருந்து 119இல் பொலிஸாருக்கோ, 1992இல் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கோ அறிவியுங்கள். இடத்தைத் துல்லியமாகச் சொல்வது பாதி வேலையை முடித்துவிடும். முள்ளிப்பொத்தானைப் பக்கத்தில் 95ஆம் கட்டை, 96ஆம் கட்டை என்று கட்டைக் கணக்கில் இடம் சொல்லும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. எந்தக் கட்டைக்கும் எந்தக் கட்டைக்கும் இடையில், வீதியின் எந்தப் பக்கம், எத்தனை வெடி, வாகனம் ஏதும் நின்றதா என்பவற்றைச் சொன்னால் போதும்.

தவறுதலாக ஒருவர் மீது சன்னம் பட்டுவிட்டால்?

முதலில் துவக்கின் தோட்டாவை அகற்றிக் கீழே வையுங்கள். குருதி வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி 1990இல் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். வீதியிலிருந்து உள்ளே என்றால், வழிகாட்ட ஒருவரை வீதிக்கு அனுப்புங்கள். சன்னத்தைக் கிண்டி எடுக்க முயல வேண்டாம். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும், ஏனெனில் தோலில் சிறு துளையாகத் தெரிவது உள்ளே எவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கிறது என்பதைக் கதிர்ப்படம்தான் காட்டும்.

பொலிஸாருக்கு உடனே அறிவியுங்கள். பயத்தில் துவக்கை வாய்க்காலில் எறிவதும், "மரத்திலிருந்து விழுந்தார்" என்று வைத்தியரிடம் சொல்வதும் இரண்டு கேடுகளைச் செய்கின்றன: காயப்பட்டவருக்குத் தவறான சிகிச்சை கிடைக்கிறது, விபத்தாகப் பார்க்கப்படக்கூடிய ஒன்று மறைப்பு முயற்சியாக மாறிவிடுகிறது. குற்றவியல் வழக்குக்குப் புறம்பாக, கவனயீனத்தால் விளைந்த பாதிப்புக்கு மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கோரவும் காயப்பட்டவருக்கு உரிமை உண்டு; காயப்பட்டவர் தரப்பில் நிற்பவர்கள் மருத்துவ அறிக்கைகளையும், வேலைக்குப் போக முடியாத நாட்களின் விபரத்தையும் தொடக்கத்திலிருந்தே பத்திரப்படுத்தி, சட்டத்தரணி ஒருவரிடம் காட்ட வேண்டும்.